குரூப்பில் போட்டால் மட்டும் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. தொடக்கப்பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோரும், புதிதாக வேலைக்கு வந்திருக்கிற ஆசிரியத் தம்பி தங்கைகளும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இப்போது எல்லா வகுப்புக்கும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. நல்ல வசதி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வாயால்தான் சொல்லி அனுப்ப வேண்டும். "ஜாதி சர்டிபிகேட் கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினால், வீட்டில் போய் "டீச்சர் காசு கேட்டாங்க" என்று சொல்லும். அந்தத் தொல்லை இன்று இல்லை. ஆனால் வேறொரு தொல்லை வந்திருக்கிறது.

இருக்கன்குடியில் தெருப் பெண்கள் சிலர் சாயங்காலம் போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். "இதுல என்ன டீச்சர் போட்டிருக்கு, வாசிச்சுச் சொல்லுங்க." அப்படித்தான் பல பள்ளிக்கூடத்து குரூப்புகளை நான் பார்த்திருக்கிறேன். காலை பத்தரை, பதினொரு மணிக்குச் செய்தி வந்திருக்கும். "பெற்றோர் கவனத்திற்கு. நாளை கட்டாயம் ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் கொண்டு வரவும். தவறினால் பள்ளி பொறுப்பாகாது." மறுநாள் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போய் நிற்கும். "குரூப்ல போட்டேனே, உங்க அம்மா பாக்கலியா?" என்று கேள்வி. அம்மாவின் குற்றத்துக்குப் பிள்ளைக்கு அவமானம்.

அம்மா எப்படிப் பார்ப்பாள்? வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். காலையில் ஆபீஸ் பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பட்டாசு ஆபீஸுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு பொறி போதும், அறையே போய்விடும் என்கிற இடம் அது. அதனால் போன் வீட்டில் கிடக்கும், அல்லது வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பல வீடுகளில் இருப்பதே ஒரு போன், அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். பதினொரு மணிக்குப் போட்ட செய்தி அம்மா கண்ணில் படும்போது மணி ஏழு. அதற்குமேல் எந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவாள்?

ஆசிரியரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அந்தப் பக்கம் 35 வருடம் நின்றவள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் மீட்டிங்குக்குப் போய்விட்டால் மற்றவர்தான் எல்லாம். எமிஸில் ஏற்ற வேண்டியது மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். மேலே அவசரம், அதனால் கீழேயும் அவசரம். கையில் கிடைத்த நேரத்தில் செய்தியைப் போட்டுவிடுகிறார்கள். போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற மணலில் தலையும் தலையுமாகக் கூட்டம் நிற்கும். பிள்ளை காணாமல் போனால் மைக்கில் சொல்வார்கள். பிள்ளை பெயர், என்ன நிறச் சட்டை, எந்த ஊர், எங்கே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். ஒரு தரம் சொல்லிவிட்டு மைக்கை வைப்பதில்லை, ஆள் வந்து சேரும்வரை சொல்கிறார்கள். "தவறினால் பொறுப்பாகாது" என்று யாரும் சொல்வதில்லை.

வகுப்புச் செய்தியும் அப்படித்தான் இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், குரலில் ஒன்று. எழுத்தில் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டும் போடுங்கள். இன்று பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவைக்கிற பாட்டிமார்களில் நிறையப் பேர் சின்ன வயதில் தீப்பெட்டிக் கட்டை அடுக்கியவர்கள், பெட்டி ஒட்டியவர்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-இல். சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். அதற்குள் ஒரு தலைமுறை எழுத்தைத் தவறவிட்டுவிட்டது. "அனைத்து ஆவணங்களின் சான்றொப்பமிட்ட நகல்" என்று எழுதிப் போட்டால் அவர்களுக்கு என்ன புரியும்? "ஆத்தா, பேரன் பேங்க் புக்கை வர்ற திங்கக்கிழமை குடுத்து விடுங்க" என்று டீச்சர் குரலில் கேட்டால் புரியும். கெடு ஒரு நாள் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு ஞாயிறு இருக்கிற மாதிரி கொடுங்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காகிதம் தேடுவார்கள்.

இன்னொன்று. குரூப்பில் வருகிறதெல்லாம் கொண்டு வா, கட்டு, கையெழுத்துப் போடு என்பதுதான். பிள்ளையைப் பற்றிய செய்தி எங்கே? 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு தாய் என்னிடம் வந்து, "எம் புள்ள அரும்பாம் டீச்சர், பெயிலாக்கிருவாங்களா?" என்று கண் கலங்கிக் கேட்டாள். பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து ஏற்றிவிடுகிற ஏற்பாடு அது, பாஸ் பெயில் கிடையாது என்று அவளிடம் யாரும் ஒரு வரி சொல்லவில்லை. காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா ஊர் அரசுத் தொடக்கப்பள்ளியிலும் உண்டு. ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! "இன்று கிச்சடி, எல்லாரும் வயிறார சாப்பிட்டார்கள்" என்று வாரத்தில் ஒரு நாள் போட்டால் குறைந்தா போய்விடும்? அப்படி நாலு நல்ல செய்தி வருகிற குரூப்பைத்தான் ஆட்கள் திறந்து பார்ப்பார்கள். வசூல் நோட்டீஸ் மட்டும் வருகிற குரூப்பைச் சத்தம் வராமல் அமுக்கி வைத்துவிடுவார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடிந்ததும் குரூப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லாதீர்கள். அந்தக் குப்பைக்கு அடியில் டீச்சர் போட்டது புதைந்துபோகிறது. ராத்திரி பத்து மணிக்கு "எங்க பாப்பா பென்சிலக் காணோம்" என்று கேட்காதீர்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

கூட்டம் பற்றி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள். சட்டம் அருமை. கூட்டம் வேலைநாள் பிற்பகலில் வைத்தால் அரைநாள் கூலி போகும். யார் வருவார்? அதிலும் தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் இங்கே ஆளே கிடைக்காது. தீபாவளி முடிந்ததும் ஆபீஸ்கள் சில வாரம் மூடிக் கிடக்கும், அம்மாமார்கள் வீட்டில் இருப்பார்கள். முக்கியமான பேச்செல்லாம் அப்போது வைத்துக்கொள்ளலாம். சென்னையில் உட்கார்ந்து போடுகிற அட்டவணைக்கு இது தெரியாது, ஊர் தலைமையாசிரியருக்குத் தெரியும். கொஞ்சம் முன்பின் மாற்ற அவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கவலை. பிள்ளைக்கு மத்தியானம் காய்ச்சல் கொதிக்கிறது, விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது. டீச்சர் யாரைக் கூப்பிடுவார்? பதிவேட்டில் அம்மா நம்பர், அப்பா நம்பர். இரண்டு பேரும் பட்டாசு ஆபீஸில் இருந்தால் இரண்டு போனும் எடுக்காது. மறுபக்கமும் யோசியுங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் நடந்த வெடி விபத்தில் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இந்தப் பகுதியில் அப்படிச் சத்தம் கேட்கிற நாளில், வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை யார் வந்து கூட்டிப்போவது என்று பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் மூன்றாவதாக ஒரு நம்பர் வேண்டும். ஆபீஸ் வேலைக்குப் போகாத ஆள், பகலில் ஊரில் இருக்கிற ஆள். ஆச்சி, பெரியம்மா, பக்கத்து வீட்டு மதினி, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர், யாராவது. அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், பிள்ளைக்கும் முகம் தெரிந்திருக்க வேண்டும். நாளைக் காலை பிள்ளையின் நோட்டில் கடைசிப் பக்கத்தில் அந்த நம்பரை எழுதி டீச்சரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆச்சியிடம் இருப்பது பழைய பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப் வராது, ஆனால் மணி அடித்தால் எடுப்பார்.