கிளியர் கோட் மோகம்

ரிமோட் காரில் ஸ்டிக்கர் ஒட்டியாச்சா? அதோடு நிறுத்துங்கள். மேலே கிளியர் கோட் வேண்டாம்.

‘பைக் டாங்க்குக்கு அடிக்கிறார்களே?’ என்று மாத்தூர்க்காரர் கேட்பார். 1950-களிலேயே புல்லட் செய்த திருவொற்றியூர் பக்கத்தில்தானே இருக்கிறது! சார், டாங்க் இரும்பு. உங்கள் கார் பாடியோ கண்ணாடி மாதிரியான பாலிகார்பனேட். சுவரில் மோதினால் வளைந்து நிமிரும். மேலே காய்ந்த கிளியர் செதில் செதிலாக உரியும். தின்னர் பட்டால் பாடியே விரிசல் விடும். பெயின்ட்டை உள்பக்கம்தானே அடிக்கிறீர்கள்? அந்த பாடியேதான் கிளியர் கோட்!

ஹார்டனர் கலக்கும் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவை வரவழைக்கும் சரக்கு. அதைப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தை தூங்குகிற அறையிலா அடிப்பது? ஸ்டிக்கர் கிழிந்தால் இன்னொன்று ஒட்டிக்கொள்ளுங்கள்.