லாரியில் ஹாம் ரேடியோ: லாபமில்லாத ஒரு முதலீடு

ஒரு லாரிக்குள் ஹாம் ரேடியோ செட் மாட்டினால் அதன் உரிமையாளருக்கு என்ன லாபம்? ஒரு பைசா கூட கிடையாது. கிடைக்கவும் கூடாது என்றுதான் சட்டமே சொல்கிறது. காமர்ஸ் வகுப்பில் இப்படி ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் கிடைப்பது சந்தேகம்தான். ஆனாலும் திருவண்ணாமலை போன்ற ஒரு ஊரில் பத்து லாரிகளிலாவது இந்தப் பெட்டி இருக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஹாம் ரேடியோ என்றால் என்ன? அமெச்சூர் ரேடியோ என்பதைத்தான் செல்லமாக ஹாம் என்கிறார்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக் குறியீட்டோடு வானொலியில் பேசுபவர்கள் இவர்கள். இந்தியாவில் இந்தக் குறியீடுகள் பெரும்பாலும் வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறியீடு வி.யூ.2 ஆர்.ஜி. பன்னிரண்டு வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். இரண்டு நிலை உண்டு. பொது நிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு அது தேவையில்லை. வானொலி அடிப்படையும் விதிமுறைகளும் தெரிந்தால் போதும்.

லாரி, ரேடியோ என்றதும் பலருக்கு ஹாலிவுட் படங்களில் டிரைவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே போகும் காட்சிதான் ஞாபகம் வரும். அது ஹாம் அல்ல, சி.பி. எனப்படும் சிட்டிசன் பேண்ட். 1973 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்காவில் டீசல் தட்டுப்பாடு வந்தது. தொடர்ந்து வேகக் கட்டுப்பாடும் வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள சி.பி. அங்கே பரவியது. இந்தியாவிலும் 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், உரிமம் இல்லாமலே பேசலாம். சரக்கு எங்கே இறக்குவது, வாடகை எவ்வளவு என்று பேச நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம். அதைவிட செல்போனே போதும்.

ஹாமில் அந்தப் பேச்சு கூடாது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் செய்தியை அனுப்பக் கூடாது. அப்படியானால் எதற்குத்தான் இது?

இதற்கு பதில் 2004 டிசம்பர் 26-ல் இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் ஒரு குழு அப்போது போர்ட் பிளேரில் இருந்தது. அவர்கள் போனது பொழுதுபோக்குக்காக. அந்தமானிலிருந்து ஹாம் ஒலி கேட்பது மிக அபூர்வம் என்பதால் உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் அவர்களோடு பேசக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் நிலநடுக்கம், அதன் பின்னாலேயே சுனாமி. தொலைபேசித் தொடர்பு குலைந்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே ஆன்டெனா வழியாகத்தான் தீவுகளின் நிலையும், உறவினர்களின் தகவலும் மெயின்லேண்டுக்கு வந்தன. இலங்கையிலும் ஹாம்கள் அம்பாந்தோட்டைக்குக் கருவிகளைக் கொண்டுபோய் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். 2001-ல் குஜராத் நிலநடுக்கத்தின்போதும் இதேதான் நடந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேரிடர் வந்த பிறகு கருவி வாங்கி, ஆள் தேடி, பயிற்சி கொடுத்து யாரும் எதையும் செய்துவிட முடியாது. தினமும் சும்மா பேசிப் பழகியவர் அங்கே இருந்தார், அவரிடம் கருவி இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

செல்போன் இருக்கும்போது இதெல்லாம் பழங்கதை என்று சிலர் சொல்வார்கள். செல்போன் என்பது பாதி வானொலி, பாதி கம்பி. கையில் இருக்கும் போனிலிருந்து டவர் வரைதான் அலை. டவருக்குக் கரண்ட் வேண்டும், அங்கிருந்து ஃபைபர் கேபிளோ மைக்ரோவேவ் இணைப்போ வேண்டும். மின்சாரம் போனால் டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக ரோடு வேண்டும். ரோட்டில் தண்ணீர் ஓடினால்? 2015 டிசம்பரில் சென்னையில் இதுதான் நடந்தது. தலைநகரத்திலேயே பக்கத்துத் தெருவில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போன் போகவில்லை. ஹாம் செட்டுக்கு நடுவில் யாரும் தேவையில்லை. இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு நேராகப் போகும்.

திருவண்ணாமலைக்கு வருவோம். 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் பிள்ளைகள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் வரை வெள்ளம்.

ரேடியோ இருந்திருந்தால் அந்த ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் அது பொய். மண்சரிவை ரேடியோ தடுக்காது. ஆனால் அணை திறக்கிறார்கள் என்ற செய்தி ஆற்றோரத்துக் கடைசி கிராமம் வரை போய்ச் சேர்ந்ததா, துண்டிக்கப்பட்ட கிராமத்தில் யாருக்கு மருந்து வேண்டும், எந்தப் பாலம் நிற்கிறது, எது போய்விட்டது என்ற செய்திகள் எல்லாம் ஒருவர் பேசி இன்னொருவர் கேட்டால்தான் தெரியும். அதற்கு ஒரு வழிக்கு இரண்டு வழி இருப்பது நல்லதா இல்லையா?

சரி, வீட்டில் வைக்காமல் ஏன் லாரியில்? காரணம் இருக்கிறது. லாரி என்பது ஓடும் மின்நிலையம். பெரிய பேட்டரி இருக்கிறது, இன்ஜின் ஓடினால் தானே சார்ஜ் ஏறுகிறது. முழங்கால் தண்ணீரில் கார் நின்றுவிடும், லாரி போய்விடும். நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு முதலில் உள்ளே போவதும் லாரிதான். கிருஷ்ணகிரி - திண்டிவனம் சாலையும் வேலூர் - விழுப்புரம் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் திருவண்ணாமலை. செங்கம், போளூர், ஜமுனாமரத்தூர் என்று எந்தப் பக்கம் எந்த ரோடு எப்படி இருக்கும் என்பது இந்த ஊர் டிரைவர்களுக்கு மனப்பாடம்.

இன்னொரு காரணம் மலை. கார்த்திகை தீபத்தன்று 2668 அடி உயர மலை உச்சியில் ஏற்றும் தீபம் எத்தனையோ ஊர்களுக்குத் தெரிகிறது. ஹாம்கள் அதிகம் பயன்படுத்தும் 144 - 146 மெகா ஹெர்ட்ஸ் வி.எச்.எஃப். அலையும் ஏறக்குறைய தீபத்தின் வெளிச்சம் மாதிரிதான், நேர்கோட்டில் போகும். அந்த உச்சியில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் கணக்குப்படி சுற்றிலும் சுமார் 100 கிலோமீட்டர் கேட்கும். ஆனால் மலையையே சிவனாக வணங்கும் ஊரில் அங்கே டவர் வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அதே மலை அலையை மறைக்கவும் செய்யும். ராஜகோபுரத்தின் பக்கம் பேசுவது மலைக்கு அந்தப்புறம் அடி அண்ணாமலையில் சரியாகக் கேட்காது. அதற்கு வழி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி இரண்டு மூன்று வண்டிகளை நிறுத்தி, ஒருவர் கேட்டதை அடுத்தவருக்குச் சொல்வது. நகரும் வண்டியால்தான் இது முடியும்.

இனி எப்படி மாட்டுவது என்று பார்ப்போம். இதில்தான் பலர் செட்டை எரித்துக்கொள்கிறார்கள். வண்டியில் வைக்கும் ஹாம் செட்டுகள் 13.8 வோல்ட்டில் ஓடுபவை. குட்டி யானை மாதிரி சின்ன வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரி என்பதால் பிரச்சனை இல்லை. ஆனால் பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். நேராகக் கொடுத்தால் செட் போச்சு! ஒரு பேட்டரியில் மட்டும் வயரைப் போட்டு 12 வோல்ட் எடுப்பார்கள் சிலர். அதுவும் தப்பு. ஒரு பேட்டரி இறங்கி, இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி இரண்டும் கெடும். 24-ஐ 13.8 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதே சரி.

50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அரை ஆம்பியர் அளவுதான். ஆகவே சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாமல் பேட்டரியிலிருந்தே தடித்த வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட வேண்டும்.

ஆன்டெனா 145 மெகா ஹெர்ட்ஸுக்கு கால் அலைநீளம் என்றால் அரை மீட்டர் கம்பிதான். அதற்குக் கீழே இரும்புக் கூரை வேண்டும். அந்த இரும்புதான் ஆன்டெனாவின் மறுபாதி. மரச்சட்டத்தில் கட்டிய பழைய கேபின் என்றால் கூரையில் ஒரு தகடு அடித்து, பாடியோடு எர்த் சேர்க்க வேண்டும். லோடு ஏற்றினால் கேபினை விட உயரம் போகுமே, பின்பக்கம் மறைக்குமே என்பது நியாயமான கவலை. புளியமரக் கிளை தட்டும் என்பதும் உண்மை. அதனால் மடங்கும் ஸ்பிரிங் வைத்த கம்பி நல்லது. மாட்டி முடித்ததும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து அளக்காமல் பேசவே கூடாது. ஆன்டெனா சரியில்லாமல் பேசினால் சக்தி திரும்பி வந்து செட்டையே கெடுக்கும். சென்னை வரை பேச வேண்டுமென்றால் வி.எச்.எஃப். போதாது. 7 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டும். அந்த அலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் மலையெல்லாம் குறுக்கே நிற்காது. ஆனால் ஆன்டெனா பெரிது, வண்டியை நிறுத்திவிட்டுக் கட்ட வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. உரிமத்தில் நிலையம் இருக்கும் இடம் குறிப்பிடப்படும். எனவே ஓடும் வண்டியில் வைப்பதற்கு முன்பே அதற்கான அனுமதியைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். உரிமம் தேவைப்படும் வாக்கி டாக்கியை மலிவாகக் கிடைக்கிறதென்று ஆன்லைனில் வாங்கி, உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். முறையான விவரம் இல்லாமல் இவற்றை விற்றதற்காக 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் வணிக நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதோடு, ஓட்டிக்கொண்டே கையில் கருவியை வைத்துப் பேசுவது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி ஆபத்தான ஓட்டுதல். அப்படியானால் மைக்கை யார் பிடிப்பது? கிளீனர்தான். ஆனால் உரிமம் இல்லாதவர் பேசக் கூடாதே! ஆக, டிரைவருக்கு அல்ல, கிளீனருக்குத்தான் முதலில் ஹாம் உரிமம் வாங்கிக் கொடுக்க வேண்டும். சிரிக்க வேண்டாம். வண்டியில் பயணம் செய்யும் இளைஞனுக்கு மின்சாரமும் வானொலியும் கற்றுக்கொடுத்து, சொந்தப் பெயரில் ஓர் அரசு உரிமமும் வாங்கிக் கொடுத்தால் அதில் என்ன தவறு?

இனி கணக்கு. செட், கன்வெர்ட்டர், ஆன்டெனா எல்லாம் சேர்த்தால் லாரிக்கு ஒன்றிரண்டு டயர் மாற்றும் செலவு வரும். வரவுப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு எதிரே மட்டும் என்ன வரவு எழுதுகிறார்கள்? விபத்து நடக்காத வருடத்தில் பிரீமியம் நஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் சொல்லப்போனால், லாபத்துக்காக நடக்கும் எந்தச் சேவையும் ஆள் குறைவான இடத்தில் குறைவாகத்தான் இருக்கும். ஜவ்வாது மலைக் கிராமங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுகிறவர்களைக் கேட்டால் தெரியும். லாபம் பார்க்காத ஒன்று அந்த இடத்துக்கு வேண்டியிருக்கிறது.

மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர்களை வீட்டில் சேர்க்கும் வேலையை அங்குள்ள ஹாம்கள் வருடா வருடம் செய்கிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் வரும் திருவண்ணாமலை தீபத்துக்கும் அதே வேலை காத்திருக்கிறது. காவல்துறையிடம் வயர்லெஸ் இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். அது காவல்துறை வேலைக்கே சரியாக இருக்கும். பேத்தியைத் தொலைத்த பாட்டிக்கும் ஒரு அலைவரிசை வேண்டும். வருடா வருடம் தீபத்தில் பழகினால், புயல் வரும் வருடத்தில் கை நடுங்காது.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. இந்த ஊர்க் கல்லூரிகளில் ஒன்று ஹாம் கிளப் ஆரம்பித்து வருடத்துக்குப் பத்து பேரைத் தேர்வுக்குத் தயார் செய்யலாம். லாரி உரிமையாளர்கள் சங்கம் பத்து வண்டிகளில் இடம் தரலாம். மாவட்ட நிர்வாகம் அந்தப் பத்து குறியீடுகளையும் பேரிடர் கட்டுப்பாட்டு அறையில் எழுதி வைத்துக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் ஒத்திகை பார்க்கலாம். விண்ணப்பத்தைக் கூட இப்போது தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்திலேயே போட்டுவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வந்துவிடும். தேர்வு எழுதி உரிமம் கைக்கு வர சில மாதங்கள் ஆகும். ஆரம்பிப்பதாக இருந்தால் கோடை விடுமுறைதான் சரியான நேரம்.