ரோமாபுரிச் சுவரும் வெள்ளலூர்க் குப்பையும்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன். "எழுதி என்ன ஆகப் போகுது, மாத்திரையைப் போட்டுட்டுப் படுங்க" என்றாள் மனைவி. மனசு கேட்கவில்லை. எழுபத்தாறு வயதில் கோபப்பட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்கிறார் டாக்டர். எழுதிவிட்டால் இறங்கும் என்பது என் அனுபவம்.

போன ஜனவரியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகப் புதுச்சேரி போயிருந்தேன். மறுநாள் காலை சும்மா இருக்கப் பிடிக்காமல் ஓர் ஆட்டோ பிடித்து அரிக்கமேட்டுக்குப் போனேன். அரியாங்குப்பம் ஆற்றங்கரை, மாமரங்கள், தென்னைகள். நான் சிறுவனாகப் பார்த்த அமைதி கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அன்றைக்கு இரண்டு வேன்கள் நின்றன. இருபது இருபத்தைந்து வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். எல்லோர் சட்டையிலும் எண் போட்ட வட்ட ஸ்டிக்கர். பேசியது பிரெஞ்சு. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சென்னைத் துறைமுகத்தில் அவர்களுடைய உல்லாசக் கப்பல் நிற்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி வந்திருக்கிறார்கள். மாலைக்குள் திரும்பிக் கப்பலேற வேண்டும். அரிக்கமேட்டுக்கு ஒதுக்கியது இருபத்தைந்து நிமிடம்.

வழிகாட்டி ஒரு தம்பி, முப்பது வயது இருக்கும். நல்ல பிரெஞ்சு. அங்கே நிற்கும் பழைய செங்கல் சுவரைக் காட்டி, "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமானியர்கள் கட்டிய பண்டகசாலை" என்றார். எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சுவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டிய மிஷன் கட்டடத்தின் மிச்சம். ரோமாபுரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தம்பியைத் தனியே கூப்பிட்டுத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ரோமன்னு சொன்னாத்தான் போட்டோ எடுப்பாங்க. எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னா, இதுக்கா மூணு மணி நேரம் கூட்டிட்டு வந்தேன்னு என்னைத்தான் திட்டுவாங்க" என்றார்.

கூட்டத்தில் ஓர் அம்மாள் என்னிடம் வந்து பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். "எங்கள் ஊர்க்காரர்கள் கட்டிய சுவரைப் பார்க்கவா இத்தனை தூரம் கடல் தாண்டி வந்தேன்? அப்படியானால் பழைய ஊர் எங்கே?" என்றார். காலடியைக் காட்டினேன். அதற்குள் வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டார்கள்.

நண்பர்களே, நான் அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இருபத்தைந்து நிமிடத்தில் யாராக இருந்தாலும் பொய்தான் சொல்ல முடியும். அவருக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர்களில் என் தலைமுறையும் உண்டு. அதற்குத்தான் இந்தக் கோபம்.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கையளித்தபோது எனக்கு ஐந்து வயது. ஆனாலும் நான் படித்தது பிரெஞ்சு வழியில்தான். அப்பாவின் கணக்கு, பிரான்சில் வேலை கிடைக்கும் என்பது. கிடைத்தது என்னவோ உள்ளூரில் எழுத்தர் வேலை. சரித்திரப் புத்தகத்தில் கோல் நாட்டார், அவர்களை வென்ற ழூல் சேசார், அப்புறம் வரிசையாக லூயி மன்னர்கள். சேரன், சோழன் பெயரெல்லாம் வீட்டில் பாட்டி சொல்லித்தான் தெரியும். பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் எங்கள் முசே வகுப்பையே அரிக்கமேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனார். "ரோமானியர்கள் இங்கே வந்தார்கள்" என்றார். எங்களுக்கு ஒரே பெருமை. சேசாரின் ஆட்கள் நம்ம ஊருக்கு வந்திருக்கிறார்கள்! யாரைப் பார்க்க வந்தார்கள், என்ன வாங்க வந்தார்கள், விற்றவன் பெயர் என்ன என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை.

அன்றைக்கு முதல்நாள் மழை பெய்திருந்தது. மண்ணில் கடுகு போலச் சின்னச் சின்னக் கண்ணாடி மணிகள். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் பொறுக்கினோம். நான் நாலைந்து நீல மணிகளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அது தப்பு என்று அப்போது தெரியாது. எங்கே தொலைத்தேன் என்பதும் தெரியாது.

அந்த மணிகள்தான் அரிக்கமேட்டின் உண்மையான கதை என்பது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கண்ணாடி மணிகளைச் செய்தவர்கள் அந்த ஊரிலேயே உலை வைத்து வேலை செய்த கைவினைஞர்கள். அதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கிடைக்கின்றன. 1930களில் ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அரிக்கமேட்டை உலகத்துக்குச் சொன்னார். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்பு மண்பாண்டத் துண்டுகள், மது வந்த கூர்அடி ஜாடிகள் எல்லாம் கிடைக்க, ரோமானிய வாணிக நிலையம் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினர் மறுபடி தோண்டிப் பார்த்தபோது, ரோமானியச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, தொழில் நடந்தது, ரோமானிய வாணிகம் ஓய்ந்த பின்னும் தொடர்ந்தது என்று தெளிவானது. இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு இன்னும் வீலர் காலத்துக் கதைதான். அதுவும் தப்பான சுவரைக் காட்டி.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கப்பலில் வருகிறவனுக்குக் கப்பலில் வந்தவன் கதை பிடிக்கும். தன் முன்னோர் இங்கே கால் வைத்தார்கள் என்றால் காசு கொடுத்த திருப்தி. நாமும் அதையே விற்கிறோம். வெள்ளைக்காரன் வந்ததால்தான் நம் ஊருக்குச் சரித்திரம் என்று முசே சொன்னதை நாங்கள் நம்பினோம். இப்போது அதையே ஸ்டிக்கர் ஒட்டி வேனில் ஏற்றி வருகிறோம்.

இனி இது பெருகப் போகிறது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டிலியா சொகுசுக் கப்பலைத் தமிழக முதல்வர் கொடியசைத்து அனுப்பியதும், புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்காததும் நினைவிருக்கும். 2025 ஜூலையில் அந்தக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தேவிட்டது. அப்போது நடந்த விவாதமெல்லாம் கப்பலில் சூதாட்டம் உண்டா, மது உண்டா என்பது பற்றித்தான். இறங்கி வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது, யார் காட்டுவது, என்ன சொல்வது என்று யாராவது கேட்டதாக நான் படித்த பத்திரிகைகளில் இல்லை.

"பெரிசு, உமக்கென்ன, பென்ஷன் வருகிறது. ஆட்டோக்காரர், வழிகாட்டி, படகுக்காரர் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்னை ஏற்றிப்போன ஆட்டோக்காரரும் அதையேதான் கேட்டார். ஆனால் கணக்குப் பார்க்கலாம், நான் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்தவன். கப்பல் பயணி தூங்குவது கப்பலில், காலையும் இரவும் சாப்பிடுவது கப்பலில். கரையில் சுற்றிப்பார்க்கும் டிக்கெட்டையும் பெரும்பாலும் கப்பலிலேயே வாங்கிவிடுகிறார். மிச்சம் ஊருக்குக் கிடைப்பது ஓர் இளநீர்க் காசு. ஒரு பயணி வீராம்பட்டினத்திலோ அரியாங்குப்பத்திலோ ஓர் இரவு தங்கினால் கிடைக்கும் வரும்படியில் இது எத்தனை பங்கு?

இதே தொல்லை பட்ட ஊர்கள் விழித்துக்கொண்டுவிட்டன. வெனிஸ் நகரத்தின் நடுக் கால்வாய்க்குள் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்டு முதல் தடை. சான்டொரினி, மிகோனோஸ் தீவுகளில் சீசனில் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 20 யூரோ என்று கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் வசூலிக்கிறது. அவர்கள் கப்பலை விரட்டவில்லை, விலை சொல்கிறார்கள். நாம் கொடியசைக்கிறோம்.

சரி, போத்தனூரில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு ஏன் இந்தக் கவலை என்று தோன்றலாம். போத்தனூர் என் மாமனார் ஊர். அவர் ரயில்வேக்காரர். 1862லேயே ரயில் வந்த ஊர் இது, கோயமுத்தூருக்கே அப்புறம்தான். ஓய்வு பெற்றதும் மனைவியின் ஆசைப்படி இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அந்தக் கல்யாணம் முடிந்து வீடு திரும்பிய இரவு, கிழக்கே இருந்து காற்று அடித்தது. போத்தனூர்க்காரர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. வெள்ளலூர் குப்பைக் கிடங்கு நாற்றம்.

ஜன்னலைச் சாத்தும்போதுதான் உறைத்தது. அந்த வெள்ளலூரில்தான் 1842இல் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே பானையில் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. 1891இலும் 1931இலும் மறுபடி கிடைத்தன. இந்தியாவிலேயே ரோமானியக் காசுகள் அதிகம் கிடைத்த பகுதிகளில் ஒன்று நம் கொங்கு நாடு. மேற்குக் கடற்கரையில் இறங்கிய காசு பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யல் கரையோரம் ஏறி வந்திருக்கிறது. எதற்கு? படியூர் பக்கத்துப் பச்சைக்கல்லுக்கு. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் கல்மணி அறுத்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்திலேயே கொடுமணம் என்று பெயர் வருகிறது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமாபுரியில் உட்கார்ந்து பிளினி புலம்பினாரே, அந்தக் காசில் ஒரு கைப்பிடி நம் வெள்ளலூர்ப் பானையில் விழுந்ததுதான்.

யாரிடம் வந்தார்கள், என்ன வாங்க வந்தார்கள் என்று பன்னிரண்டு வயதில் நான் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில், என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் இருந்திருக்கிறது. பத்து வருஷம் நானும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வெள்ளலூர்ல என்னுங்க இருக்குது? குப்பைக் கிடங்குதானுங்க இருக்குது" என்றார். அவர் மீதும் தப்பில்லை. தேனீஸ்வரரைக் கும்பிடப் போகிறவருக்குக்கூட அந்தக் காசுக் கதையைச் சொல்ல ஆளில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரிக்கமேட்டில் அந்தச் சுவர் முன்னால், இது ரோமானியச் சுவர் அல்ல, பாதிரிமார் கட்டடம் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கும் பலகை இருக்கிறது. என்ன நடந்த இடம் என்று விளக்கும் பலகை என் கண்ணில் படவில்லை. வருகிற ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் ஒரு கட்டணம், அது அரித்துப் போகும் அந்த ஆற்றங்கரைக்கே செலவாக வேண்டும். காக்காயந்தோப்பு, வீராம்பட்டினம் பிள்ளைகள் பத்துப் பேருக்கு முறையாகப் பயிற்சி, வழிகாட்டி உரிமம். மணி பொறுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மண்ணுக்குள் இருப்பதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்ல அவர்களுக்கு வரும். கடைசியாக, அரை மணிக்குக் குறைந்து வருகிற வண்டிக்கு அனுமதி வேண்டாம். நேரமில்லாதவர்கள் நகரத்து மியூசியத்துக்குப் போகட்டும். அரிக்கமேட்டில் எடுத்த பொருள்கள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. பொய் சொல்ல வேண்டிய அவசியம் வராது.

வெள்ளலூருக்கும் ஒரு பலகை கேட்கிறேன். கப்பலில் வருகிறவனுக்காக அல்ல, குப்பை லாரிக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காக.

மனு எழுதியாகிவிட்டது, இரண்டு ஊருக்கும் தனித்தனியாக. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானே நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்து அனுப்பிய வாக்கியம்தான் அது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன். அதுவரை, வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு வெள்ளலூர் போகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது வருவதானால் காலை ஏழு மணிக்குத் தேனீஸ்வரர் கோயில் வாசலில் இருப்பேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.