இலவசச் சேவையும் அங்கத்தினர் கடமையும்

இலவசம் என்ற சொல்லுக்குள்ள கவர்ச்சி வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை. அச்சொல்லைக் கேட்டதும் கணக்குக் கேட்கும் வழக்கத்தையே நாம் மறந்துவிடுகிறோம். சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அண்மைக்காலமாக நம்மிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே ஆராய இக்காரணம் ஒன்றே போதும்.

சங்கத்தின் செலவில் ஒரு வலைத்தளத்தை நிறுவி, அங்கத்தினரின் துணிவகைகளையும் விளைபொருள்களையும் படத்துடனும் விலையுடனும் அதிற் காட்டி, வெளியூர் வாடிக்கைக்காரரிடமிருந்து ஆர்டர் பெற்றுத் தர நிர்வாகக் குழுக்கள் முற்படுகின்றன. முதலாண்டில் இச்சேவை இலவசமாகவே அளிக்கப்படுகிறது. இரண்டாமாண்டில் செலவுக் கணக்கு பேரவையின் முன் வருங்கால், இனியும் இலவசமாகவே நடத்துவதா, பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெறுவதா என்ற பிரச்னை எழுகிறது. கட்டணம் பெறுவதே முறை என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் எதற்குப் பெறுவது, யாரிடம் பெறுவது, எப்போது அறிவிப்பது என்ற மூன்றும் நெறிப்படி தீர்மானிக்கப்படாவிடில், இலவசத்தால் வரும் கேட்டைவிடக் கட்டணத்தால் வரும் கேடு பெரிதாகும்.

முதலாவதாக, இலவசச் சேவை என்று ஒன்று உலகில் இல்லை. செலவை வேறொருவர் ஏற்கும் சேவையே உண்டு. தளத்தின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் வேண்டும். படங்களையும் கணக்குகளையும் வைத்துக் காக்கும் கணிப்பொறிக்கு வாடகை வேண்டும். வாடிக்கைக்காரரின் கேள்விக்கு விடை எழுதவும், பழுது நேர்ந்தால் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். இச்செலவை ஏற்பவர் எவரோ அவருடைய விருப்பமே நாளடைவில் அச்சேவையின் சட்டமாகிவிடுகிறது.

நம்மிற் பலர் நாள்தோறும் கையாளும் வாட்ஸப்பையே எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டில் தோன்றிய இச்சேவை, முதலாண்டு கழிந்தபின் ஆண்டுக்கு 99 சென்ட், அதாவது ஏறத்தாழ ஒரு டாலர், கட்டணம் என்ற ஏற்பாட்டில் நடந்துவந்தது. விளம்பரங்களுக்கு இடமில்லை என்பது அதனைத் தோற்றுவித்தவர்களின் கொள்கை. 2014இல் பேஸ்புக் கம்பெனி அதனை வாங்க முன்வந்தது. பேசப்பட்ட விலை ஏறத்தாழ 1,900 கோடி டாலர். 2016 ஜனவரியில் கட்டணம் நீக்கப்பட்டது. பணம் செலுத்துவதற்கான வங்கி அட்டை பலரிடம் இல்லை என்று அப்போது கூறப்பட்ட காரணம் உண்மையானதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் செலவு நீங்கிவிட்டதா? 2018 முதல் வியாபார ஸ்தாபனங்கள் வாடிக்கைக்காரருக்கு அனுப்பும் செய்திகளுக்குக் கட்டணம் பெறப்படலாயிற்று. 2025 ஜூனில் இச்சேவையின் ஒரு பகுதியில் விளம்பரங்களும் இடம்பெறும் என அறிவிக்கப்பட்டது. பயன்படுத்துவோர் கொடுத்த ஒரு டாலர் நின்றது; செலவை ஏற்போர் மாறினர்; அவர்களோடு கொள்கையும் மாறிற்று.

இதனினும் தெளிவான படிப்பினை வேறொன்றுண்டு. இணையத்தில் தாம் கண்ட நல்ல பக்கங்களின் முகவரிகளைக் குறித்துவைத்துப் பிறரோடு பகிர்ந்துகொள்வதற்காக அமெரிக்காவில் 2003இல் டெலிஷஸ் என்னும் சேவை தோன்றியது. அது இலவசம். 2005இல் யாஹூ கம்பெனி அதனை வாங்கியது. 2010 டிசம்பரில், அக்கம்பெனி அதனைக் கைவிட எண்ணியிருப்பதாகச் செய்தி கசிந்தது. பல ஆண்டுகளாகத் தாம் சேர்த்த குறிப்புகளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று பயனாளர்கள் திகைத்தனர். அதே பணியைச் செய்யும் பின்போர்டு என்னும் மற்றொரு சேவையை 2009இல் தொடங்கியிருந்த மாச்சேய் செக்வோவ்ஸ்கி என்பவர், தொடக்கத்திலேயே நுழைவுக் கட்டணம் விதித்திருந்தார். சில டாலர்களே ஆன அக்கட்டணம், ஒவ்வொரு புதிய பயனாளர் சேருந்தோறும் மிகச் சிறிதளவு உயருமாறு அமைந்திருந்தது. திகைத்துநின்றோரில் பலர் அவரை நாடிச் சென்றனர். டெலிஷஸோ கை மாறி மாறிச் சென்று, இறுதியில் 2017இல் 35,000 டாலருக்கு அதே பின்போர்டின் வசமாயிற்று. பெரிய கம்பெனியின் இலவசம் அழிந்தது. சிறிய மனிதரின் கட்டணச் சேவை நின்றது. தன் செலவைத் தன் வரவிலேயே கண்டதுதான் அதன் பலம்.

கட்டணம் பெறும் எவரும் நிலைத்துவிடுவர் என்று இதிலிருந்து கொள்ளலாகாது. காலந்தாழ்ந்து விதிக்கப்படும் கட்டணம் மனக்கசப்பையே விளைவிக்கும். புகைப்படங்களைச் சேமித்து வைக்கும் பிளிக்கர் என்னும் தளம், 2013இல் பயனாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அள்ளிக் கொடுத்தது. லட்சக்கணக்கான படங்களைத் தாங்கக்கூடிய இடம் அது. 2018இல் தளம் வேறு கம்பெனியின் கைக்கு மாறியதும், இலவசமாக வைத்துக்கொள்ளத்தக்கவை இனி 1,000 படங்களே. மிகுதியை வைத்திருக்க விரும்புவோர் கட்டணம் செலுத்தவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய உடைமையாளர் மீது முழுப் பழியையும் சுமத்துவதற்கில்லை. 2019 டிசம்பரிலும் தளம் நட்டத்திலேயே நடப்பதாக அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். பிழை எங்கே நேர்ந்ததெனில், தாங்கமுடியாத இலவசத்தை முதலில் வாக்களித்ததில். கொடுத்ததைப் பறிப்பதாகப் பயனாளர் எண்ணியதில் வியப்பில்லை. நெசவாளர் தம் சேலைக்கரை மாதிரிகளின் படங்களை ஒரு தளத்தில் பத்தாண்டு சேர்த்துவைத்த பின்னர் இவ்வறிவிப்பு வந்தால் அவர் நிலை என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

நிற்க. நம் நாட்டிலேயே கடைவீதிதோறும் காணக்கூடிய சான்று யு.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை. 2016இல் தொடங்கிய இம்முறையில், 2020 ஜனவரி 1 முதல் வியாபாரிகளிடமும் கட்டணம் பெறலாகாதென மத்திய அரசு ஏற்பாடு செய்தது. வங்கிகளுக்கு ஆகும் செலவு அதனால் மறைந்துவிடவில்லை. சிறு வியாபாரிகளிடம் நடக்கும் சிறு தொகைப் பரிமாற்றங்களுக்காக 2024-25ஆம் ஆண்டுக்கென ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதாவது, பூக்காரியின் தட்டருகே நடக்கும் பரிமாற்றத்தின் செலவில் ஒரு பகுதியை நாட்டின் கஜானா ஏற்கிறது. பொதுநன்மை கருதி ஓர் அரசு இவ்வாறு செய்யலாம், செய்வது தகும். நம் சங்கங்களுக்குக் கஜானா ஏது? அங்கத்தினரின் பங்குத்தொகையும், ஆண்டுதோறும் மிகும் சிறு லாபமுமே நம் கஜானா.

இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய உண்மை இருக்கிறது. "ஏழை அங்கத்தினரிடம் கட்டணம் கேட்பது கூட்டுறவாகுமா?" என்று வினவுவோர் உளர். அவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வலைத்தளத்தை முதலில் பயன்படுத்துவோர் யாவர்? நல்ல கைபேசி உடையோர். தெளிவாகப் படம் பிடிக்கத் தெரிந்தோர். வாடிக்கைக்காரருக்கு ஆங்கிலத்தில் விடை எழுதப் படித்த பிள்ளைகள் வீட்டில் உள்ளோர். அனுப்புவதற்குச் சரக்குக் கையிருப்பு வைத்திருப்போர். இவர்கள் பெரும்பாலும் சங்கத்தில் சற்று வசதியுள்ளவர்களே. தளத்தின் செலவைப் பொது வரவிலிருந்து ஈடுகட்டினால், அதன்பக்கமே எட்டிப் பாராத சிறு விவசாயியின் லாப ஈவும் குறைகிறது. இலவசம் என்ற பெயரால் இல்லாதவர் உள்ளவருக்குக் கொடுக்கும் நிலை ஏற்படுகிறது. ஏழைக்கு இரங்கி எடுத்த முடிவு ஏழையின் தலையிலேயே விடிகிறது.

ஆகவே, பயன் எங்கே விளைகிறதோ அங்கே கட்டணத்தை வைப்பதுதான் நியாயம். அமெரிக்காவில் 1995இல் தோன்றிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்னும் விளம்பரத் தளம் இவ்வழியிலேயே நடந்தது. பழைய நாற்காலியை விற்கும் குடும்பத்தினிடமும், வேலை தேடி வருபவரிடமும் காசு கேட்காமல், பெருநகரங்களில் வேலைக்கு ஆள் தேடும் முதலாளிகளிடமும், நியூயார்க்கில் வீடு வாடகைக்கு விடும் தரகர்களிடமும் கட்டணம் பெற்றது. நமக்கும் இது புதிய தத்துவமன்று. நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சந்தைக் கட்டணம் விற்கும் விவசாயியிடமன்றி வாங்கும் வியாபாரியிடமே பெறப்படுகிறது.

கணக்காகவே பார்ப்போம். விளைபொருள் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றில் 300 அங்கத்தினர்கள் உள்ளனர் என்றும், தளத்தின் ஆண்டுச் செலவு 36,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இதில் தளத்தின் பெயருக்கும் கணிப்பொறி வாடகைக்கும் 12,000 ரூபாய். விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும் இது நிலையான செலவு. எஞ்சிய 24,000 ரூபாய் ஆர்டர்களைக் கவனிக்கும் ஆளின் ஊதியம். விற்பனையின் அளவுக்கேற்ப இதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். நிலையான செலவுக்காக அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 40 ரூபாய் சந்தா செலுத்தினால் 12,000 ரூபாய் சேர்ந்துவிடும். தளம் அனைவருக்கும் உடைமையாதலின் இச்சிறு தொகை அனைவர்க்கும் உரியது. மற்ற செலவுக்காகத் தளத்தின் வழியே நடக்கும் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் பெறலாம். ஆண்டு விற்பனை 24 லட்ச ரூபாயானால் 24,000 ரூபாய் கிடைக்கும், கணக்கு நேராகும். 40,000 ரூபாய்க்கு விற்றவர் 400 ரூபாய் கொடுப்பார்; ஒன்றும் விற்காதவர் சந்தாவுக்குமேல் ஒன்றும் கொடார். மழை பொய்த்து விற்பனை பாதியானாலும், ஆளின் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு தளத்தை அணையாமல் காக்கலாம். நெசவாளர் சங்கங்களிலோ துணி சங்கத்தின் பேராலேயே விற்பனையாவதால், நூற்றுக்கு ஒன்று என்பதைச் சங்கத்தின் விற்பனைச் செலவாகவே எழுதிவிடலாம். கூலியிற் கைவைக்க வேண்டுவதில்லை.

விற்பனை 36 லட்சமாகி 12,000 ரூபாய் மிகுமாயின் என்ன செய்வது? அதற்கு விடை நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகளில் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் எப்பொருளையும் இலவசமாகக் கொடுத்தாரில்லை, கடனுக்குக் கொடுத்தாரில்லை, கடைவீதி விலைக்குக் குறைத்தும் கொடுத்தாரில்லை. சந்தை விலைக்கே விற்று, மிகுதியை அவரவர் வாங்கிய அளவுக்கேற்ப அவரவர்க்கே திருப்பிக் கொடுத்தனர். கட்டணம் பெறுவது, மிகுதியைத் திருப்புவது ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தபோது இலவசத்துக்கும் லாபவேட்டைக்கும் இடையே மூன்றாவது வழி பிறந்தது. இணையத்திலும் அவ்வழி செல்வோர் உண்டு. 2017இல் தொடங்கிய சோஷல்.கோஆப் என்னும் சமூக வலைத்தளத்தை அங்கத்தினரே உடைமையாகக் கொண்டு, தத்தம் சக்திக்கேற்ற சந்தாவால் நடத்திவருகின்றனர். அங்கே விளம்பரக்காரருக்கு வேலையில்லை.

கட்டணம் விதிக்க எண்ணும் நிர்வாகக் குழுக்கள் சில நெறிகளைக் கடைப்பிடிப்பது அவசியம். சேவை தொடங்கும் நாளிலேயே, எத்தனை மாதம் இலவசம், பின்னர் என்ன கட்டணம் என்பதைத் தீர்மானமாக எழுதிவிடவேண்டும். ஏற்கனவே இலவசமாக நடந்துவரும் சேவையானால், தளத்தின் வரவு செலவைத் தனித் தலைப்பில் பேரவையின் முன் வைத்து, ஆறு மாதமேனும் அவகாசம் தந்து அறிவிக்கவேண்டும். சந்தை விலை நிலவரம், சங்க அறிவிப்புகள், அங்கத்தினரின் சொந்தக் கணக்கு ஆகியவற்றைப் பார்ப்பதற்கு எக்காலத்தும் கட்டணம் கூடாது. அவை அங்கத்தினரின் உரிமை. கட்டணம் செலுத்த விரும்பாதவர், தம் படங்களையும் வாடிக்கைக்காரர் முகவரிகளையும் முழுமையாக எடுத்துச்செல்ல வழிசெய்து தரவேண்டும். கைபேசியிற் பணம் செலுத்த இயலாதவரிடம் சங்க அலுவலகத்தில் ரொக்கமாகவும் பெற்றுக்கொள்ளவேண்டும். வாட்ஸப் கட்டணம் நீக்கப்பட்டபோது கூறப்பட்ட இடையூறு நம் ஊர்களில் எழ இடந்தரலாகாது.

"வெளியார் இலவசமாகத் தரும்போது நமக்கென்று ஒரு தளம் எதற்கு?" என்பாருக்கும் ஒரு வார்த்தை. வெளியார் தளங்களைப் பயன்படுத்துவதை நாம் தடுக்கவில்லை. அங்கேயும் கடை விரிக்கலாம். ஆனால் நம் வாடிக்கைக்காரர் பட்டியலும், நம் துணிமாதிரிகளும், நம் விலைக்கணக்கும் அங்கே மட்டும் இருக்குமாயின், அக்கம்பெனியார் கதவைச் சாத்தும் நாளில் நாம் தெருவில் நிற்போம். அந்நாளில் முறையிடுவதற்குப் பேரவை கிடையாது. வாக்குச் சீட்டும் கிடையாது.

நாற்பது ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால் அதனைச் செலுத்திய அங்கத்தினர், அடுத்த பேரவையில் எழுந்து, "தளத்துக்கு என்ன செலவாயிற்று? ஏன் இரண்டு நாள் வேலை செய்யவில்லை?" என்று கேட்கும் உரிமையை உணர்ந்து கேட்பார். அக்கேள்வி எழும் சங்கத்தில் கணக்கு ஒழுங்காயிருக்கும்; சேவையும் ஒழுங்காயிருக்கும். வரும் பேரவைக் கூட்டத்துக்கான பொருள்களில் இதனையும் ஒன்றாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் சங்கங்களில் இப்போதே எழுதிக் கொடுப்பார்களாக.