நிர்வாகிகளுக்கும் பயிற்சி தேவை!

பால்வெட்டுக்குப் புதிதாக வருபவருக்குக் கத்தி பிடிக்கும் விதம் கற்றுத் தரப்படுகிறது. அவரை மேற்பார்வை செய்ய வருபவருக்கு மனிதரை நடத்தும் விதத்தை யார் கற்றுத் தருகிறார்கள்? பாகான் டத்தோ வட்டாரத்தில் தோட்டம் நடத்தும் நிர்வாகங்களை நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பெரட்டில் நின்று எல்லோரையும் ஒரே மாதிரி அதட்டுவதே நிர்வாகத் திறமை என்று சிலர் எண்ணுகின்றனர். அது திறமையன்று. புதியவர் ஆழமாக வெட்டி மரத்தைக் காயப்படுத்தினால், அருகில் நின்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரின் பால் குறைந்தால், முதலில் அவரைக் கேட்க வேண்டும். இலையுதிர் காலமா, பட்டை வறண்ட மரங்களா, உடல்நலக் குறைவா என்பது அவருக்குத்தான் தெரியும். எந்த நிரை யாருக்கு என்று இருவருக்குள் பூசல் எழுந்தால், சங்கப் பிரதிநிதியை வைத்துக்கொண்டு இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். ஸ்டோரில் ஒருவர் கையுறையின்றி ஆசிட்டை எடுத்தாலோ, உடனே குறுக்கிட்டுத் தடுத்தே ஆக வேண்டும். உரத்த குரலுக்கு உரிய இடம் அது!

ஆளின் திறமையையும் மனநிலையையும் அறிந்து தலைவன் தன் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க அறிஞர்களான பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969-இல் எடுத்துரைத்தனர். நமது சட்டமும் ஒரே பிரம்பை நீட்டவில்லை. 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒழுங்கீனத்துக்குத் தக்க விசாரணைக்குப் பின்னரே தண்டனை என்கிறது. வேலை நீக்கம், பதவி இறக்கம், அவற்றிலும் இலேசான தண்டனை எனப் படிகளும் வைத்திருக்கிறது. தண்டனையாகச் சம்பளமின்றி நிறுத்தி வைப்பதும் 2 வாரத்தைத் தாண்டக் கூடாது.

அதட்டலையே ஆட்சியாக்கினால் என்ன நேரும் என்பதற்குக் கிள்ளான் சாட்சி. 1941-இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், முரட்டு அதிகாரிகள் நீங்க வேண்டும் என்றும் கோரினர். தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவமதிப்பு எத்தனை பெரிய நெருப்பை மூட்டும் என்பதை அந்த இரத்தம் சொல்லிற்று.

ஆகவே மானேஜர் முதல் மண்டோர் வரை அனைவருக்கும் முறையான பயிற்சி அளிக்க வேண்டும். அதில் சங்கத்தின் ஆலோசனையும் இடம்பெற வேண்டும். கிராணிமார்களே, ஒருவர்மீது குற்றம் எழுதுமுன் அவர் சொல்லும் காரணத்தையும் எழுதுங்கள். தோழர்களே, குறையிருந்தால் தேதியோடு கிளைச் செயலாளரிடம் தெரிவியுங்கள். மரத்துக்குக் காட்டும் பக்குவத்தை மனிதனுக்கும் காட்டு என்பதே நம் கோரிக்கை.