சிஸ்டர் ஏன் வெளிநாடு போகிறார்?

திண்டுக்கல் பக்கம் பெண் பிள்ளையை நர்ஸிங் படிக்க வைப்பதில் பல வீடுகளுக்கு ஒரு கணக்கு உண்டு. நகையை அடகு வைத்தாவது படிக்க வைத்துவிட்டால் உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைக்கும், பிள்ளையும் கண்ணெதிரே இருப்பாள். ஆனால், வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களிலேயே, நைட் டியூட்டி முடித்து வந்த கையோடு போனில் ஜெர்மன் பாடம் கேட்க ஆரம்பிக்கிறாள் மகள். ஏன்?

முதல் காரணம், சம்பளம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை ஒப்பந்த முறையில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் ஆகும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராட வேண்டி வந்தது. தொகுப்பூதியம் பின்னர் 18,000 வரை உயர்ந்தது. ஆனால், பலருக்கு நிரந்தரம் என்பது வருடக்கணக்கில் தள்ளிப்போனது.

தனியாருக்கும் வரையறை உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2016-ல் பரிந்துரைத்தது. பல இடங்களில் அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

ஆனால், பணம் மட்டுமே காரணம் இல்லை. நாளைக்கு எந்த ஷிஃப்ட் என்று இன்று இரவுதான் தெரியும். வார விடுமுறை கேட்டால் முகம் சுளிப்பு. நோயாளி முன்னாலேயே திட்டு. வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்க, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் நிர்வாகங்களும் உண்டு. குறைந்த சம்பளத்தைப் பொறுத்துக்கொண்டவர்கூட, இதில் மனம் விட்டுப்போகிறார்.

வெளிநாடும் எளிதல்ல. ஜெர்மனிக்குப் பி2 அளவு வரை மொழி வேண்டும். பிரிட்டனுக்கு ஆங்கிலத் தேர்வு, அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலின் தேர்வுகள் என்று வரிசையாக உண்டு. ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன், அவருடைய உரிம எண்ணை இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும்தான், அதற்கு மேல் கேட்டால் விலகிவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அங்கேயும் விசாரியுங்கள்.

போகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷிஃப்ட் சார்ட்டை ஒரு வாரம் முன்னதாக ஒட்டவும், சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கவும் எந்த ஆஸ்பத்திரிக்கும் பெரிய செலவு ஆகாது. அதிலிருந்து தொடங்கினாலே சிலராவது ஊரில் தங்குவார்கள்.