அக்காவின் பக்கம்: லயத்து வீட்டுச் சாவியைக் கொடுத்த பிறகு



கூலிம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, என் வீட்டுக்காரருக்கு வருகிற மாதம் 60 வயது முடிகிறது. 18 வயதில் வெட்டுக் கத்தியைப் பிடித்தவர். கித்தா மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது குலை அறுக்கவும் பழகிக் கொண்டார். இப்போது மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்யும்படி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மகள் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை செய்கிறாள். அவளுக்குப் பக்கத்தில், பினாங்குத் தீவிலேயே குறைந்த வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிக்கலாமா என்று யோசிக்கிறோம். மகனோ, 'சேமநிதிப் பணத்தைக் கொடுங்கள், சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்குகிறேன், கடைசிவரை என்னோடு இருங்கள்' என்கிறான். இரவில் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?"

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எங்கள் பெரியக்காவின் நினைவுதான் வந்தது. அவரும் அத்தானும் இதே வழியில் நடந்தவர்கள்.

அத்தான் ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணம் முழுவதையும் மூத்த மகனிடம் கொடுத்தார்கள். முன்பணம் கட்டி வீடு வாங்கினான். மீதியை வங்கிக் கடனாக எடுத்தான். வீடு அவன் பெயரில் இருந்தது. நான்கு ஆண்டுகள் நன்றாகத்தான் போயின. பிறகு அவன் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. தவணை நின்றது. வீடு ஏலத்துக்குப் போனது. மகன் கெட்டவன் அல்லன். இன்றும் பெற்றோர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தவிக்கிறான். ஆனால் 64 வயதில் அத்தான் கையில் ஒரு துணிப்பையும், சாமிப் படங்களும்தான் மிஞ்சின. தோட்டத்தை விட்டபோதுகூட அழாத பெரியக்கா, அன்றைக்கு அழுதார்.

அதன் பிறகுதான் அவர்கள் பினாங்கில் வாடகை வீடு தேடினார்கள். இளைய மகள் அங்கே வேலையில் இருந்தாள். மாத வாடகையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நானும் கூடப் போனேன். அந்த அலைச்சலில் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஜார்ஜ் டவுனுக்குள் பழைய வீடுகளைப் பார்க்கப் போனோம். "அந்தக் காலத்தில் இங்கே பத்து இருபது வெள்ளி வாடகையில் குடும்பமே இருந்ததே" என்றார் அத்தான். உண்மைதான். அப்போது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை 1997-ல் நீக்கினார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது பழைய குடிகளுக்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டது. பலர் தலைமுறையாக இருந்த வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பழைய கடைவீடுகளில் பல, தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. அங்கே நம் கைக்கு எட்டும் வீடு அபூர்வம்.

தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் போனால் கடலுக்கும் சேர்த்து வாடகை கேட்கிறார்கள். கடற்காற்று வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொள்ளலாம். குடியிருக்க வேண்டாம்.

ஆயிர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ் போன்ற உட்பகுதிகளில்தான் நமக்கேற்ற அடுக்குமாடி வீடுகள் கிடைக்கும். தீவின் பின்பக்கம் பாலிக் பூலாவ் இருக்கிறது. டுரியானும் ஜாதிக்காயும் விளையும் ஊர். கம்பத்து வீடு கிடைத்தால் தோட்டத்தில் இருப்பது போலவே இருக்கும். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியும் உண்டு. ஆனால் ஜார்ஜ் டவுனுக்கு வர மலையைச் சுற்ற வேண்டும். தீவுதான் வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. 2014-ல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கிறது. பத்து மாவுங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம்தான். பெருநிலத்தில் வாடகை குறைவாகக் கிடைத்தால் மகள் வார இறுதியில் வந்து போகலாம்.

ஒரு காப்பிக் கடையில் தரகர் ஒருவர், "நாளைக்கு வேறு ஆள் வருகிறார், இப்போதே 300 வெள்ளி கொடுத்தால் வீட்டைப் பிடித்து வைக்கிறேன்" என்றார். அத்தான் சட்டைப் பையில் கையை விட்டார். பெரியக்கா, "ரசீது கொடுங்க தம்பி, தர்றோம்" என்றார். ரசீதுப் புத்தகம் எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை! எங்கள் காப்பிக்கும் நாங்கள்தான் காசு கொடுத்தோம்.

மறுநாள் மூன்றாம் மாடியில் 450 வெள்ளிக்கு ஒரு வீடு. மின்தூக்கி கிடையாது. இரண்டாம் மாடியிலேயே அத்தான் படியில் உட்கார்ந்துவிட்டார். 40 ஆண்டு உழைத்த முழங்கால் அது. இன்று ஏறும் படியை 75 வயதிலும் ஏற முடியுமா என்று பாருங்கள். மின்தூக்கி இருந்தாலும், அடிக்கடி பழுதாகுமா என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். கடைசியில் எங்களுக்கு வீடு காட்டியவர் ஒரு குடியிருப்பின் காவலாளி. ஆயிர் ஈத்தாமில், மின்தூக்கி உள்ள கட்டடத்தில், 600 வெள்ளி. மளிகைக் கடைக்காரரையும் காவலாளியையும் விசாரியுங்கள். எந்த வீடு காலி என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி ஒப்பந்தம். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 600 வெள்ளி வீட்டுக்கு 2,100 வெள்ளி கையில் வேண்டும். லோரி வாடகை தனி. கீழே உள்ளவற்றை மறக்காதீர்கள்:

ஒன்று. வீட்டு வரி ரசீதில் உரிமையாளர் பெயரைப் பார்த்து, அவருடைய அடையாள கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலிவு விலை வீடுகள் சிலவற்றை வாடகைக்கு விடத் தடை உண்டு. அதையும் கேளுங்கள்.

இரண்டு. எழுத்து ஒப்பந்தம் செய்து, உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்காது. 2025 முதல், ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி வரி. 600 வெள்ளி வீட்டுக்கு 29 வெள்ளிதான்.

மூன்று. நீண்ட காலம் இருக்க நினைத்தால் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குக் கேளுங்கள். மூன்று ஆண்டு வரை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. அதற்குப் பின் புதுப்பிக்கும் உரிமையையும், வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

நான்கு. கட்டடப் பராமரிப்புக் கட்டணம் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதுங்கள்.

ஐந்து. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற 1950-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. யாராவது சாமானைத் தூக்கி வெளியே வைப்பேன் என்று மிரட்டினால் பயந்து ஓடாதீர்கள்.

பிபிஆர் எனப்படும் மக்கள் வீடமைப்பில் மாத வாடகை 124 வெள்ளி என்று வைத்தார்கள். மாநில அரசிடம் இப்போதே மனுச் செய்யுங்கள். காத்திருப்போர் அதிகம் என்பதால் உடனே கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். தோட்ட வீட்டில் இன்னும் சில மாதம் அவகாசம் கேட்டு, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். ஓய்வுக்கால உதவித்தொகை ஏதாவது வர வேண்டியிருக்கிறதா என்றும் சங்கத்திலேயே கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளைக்குப் பால் கிடையாது.

சேமநிதியை ஒரேயடியாக எடுக்க வேண்டியதில்லை. மாதாமாதம் எடுக்கும் முறை இருக்கிறது. உள்ளே கிடக்கும் பணத்துக்கு இலாப ஈவு சேரும். 2024-க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். 60,000 வெள்ளி வைத்திருப்பவர் மாதம் 500 எடுத்தால், ஈவு இல்லாமலே பத்து ஆண்டு வரும். ஈவும் சேர்ந்தால் இன்னும் சில ஆண்டு தாங்கும். வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மகனுக்கு என்ன பதில் சொல்வது? கோபிக்காமல் சொல்லுங்கள்: "தம்பி, உனக்கு உதவுகிறோம். ஆனால் ஒரு பகுதிதான் தருவோம். வீட்டுப் பட்டாவில் எங்கள் பெயரும் இருக்கட்டும்." அவன் ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால், மாதாமாதம் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு பேரப் பிள்ளைகளைப் பார்க்கப் போங்கள். பணத்தை மட்டும் சேமநிதியிலேயே விட்டுவையுங்கள். பெயர் இல்லாத வீட்டில் நமக்கிருக்கும் உரிமை அன்பு ஒன்றுதான். ஏலம் போடுகிறவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆகவே 55 வயதில் சேமநிதி கைக்கு வரும்போதே, "இந்த வீடு இன்னும் ஐந்து வருடம்தான்" என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். வேலை முடிந்தால் தோட்ட வீடும் முடிந்தது. காலி செய்யும் கடிதம் வந்த பிறகு தேடினால், கண்ட வீட்டுக்கெல்லாம் தலையாட்ட வேண்டி வரும்.

பெரியக்கா இப்போது அந்த ஐந்தாம் மாடி வீட்டு நடைபாதையில் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலை வளர்க்கிறார். தோட்டத்து வீட்டுக் கொல்லையில் நின்ற மரத்தின் கன்று அது. காலையில் பசியாறியதும் அத்தான்தான் தண்ணீர் ஊற்றுகிறார்.

சகோதரி, வீடு பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா